மாமாவின் உபவாசம்

இரண்டு வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, எடை மெஷினுக்குப் பக்கத்தில் நின்று நான் பெருமையடித்துக்கொண்டேன்.

என் எடையைப் பற்றி அல்ல. அந்தப் பேச்சு நமக்குள் வேண்டாம். மெஷின் மேல் நின்றது என் மாமனார். அவருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். கதிர்வீச்சு சிகிச்சை நடக்கிறது. ஞாயிறும் சனியும் தவிர தினமும் இரும்புலியூர் வீட்டிலிருந்து, பள்ளிக்கரணைக்கு அப்பால் இருக்கும் ஒரு மருத்துவமனைக்கு நான்தான் அவரைக் கூட்டிப்போய் வருகிறேன். அன்றைக்கு சிஸ்டர் எடையைப் பார்த்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"அப்பா ரொம்ப இளைச்சிட்டாங்களே... சரியா சாப்பிடறாங்களா?"

"லெந்து நாள் இல்லையா சிஸ்டர்? உபவாசம் இருக்காங்க. காலையில, மதியத்துல ஒண்ணும் தொடறதில்ல. சாயந்திரம் ஜெபம் முடிச்சிட்டுத்தான் சாப்பாடு."

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் ஒரு வேளை பட்டினி கிடப்பது எங்கள் வீட்டில் வழக்கம்தான். ஆனால், சிகிச்சைக்கு நடுவிலும் இரண்டு வேளை! மருமகளுக்குப் பெருமை இருக்காதா?

சிஸ்டர் மாமாவைப் பார்த்தார். மாமா கூரையில் இருந்த டியூப் லைட்டைப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை சார் மோஷன் போகுது?"

மாமாவின் பார்வை அடுத்த டியூப் லைட்டுக்கு நகர்ந்தது.

கொஞ்சம் பின்னால் போகிறேன். இந்த நாட்களை வரிசையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. ஒன்றரை வயது மகள் தூங்கவிடுவதில்லை. நான் பாதி விழிப்பிலேயே நடமாடுகிறேன். காரில் ஏறினால் கண் சொருகும். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வரும்போது தானாக விழிப்பு வரும். அங்கே தண்ணீருக்குள் அடுக்குமாடிக் கட்டடங்கள் தலைகீழாக நிற்கும். யாரோ துணி காயப்போட்டிருக்கும் ஐந்தாவது மாடி பால்கனியின் மேல் ஒரு கூழைக்கடாப் பறவை மெதுவாக நீந்திப்போகும். அது தாண்டியதும் பால்கனி ஒருமுறை கலங்கி, மறுபடி கூடிக்கொள்ளும். நான் பார்த்தது நிஜமா என்று யோசிப்பதற்குள் மருத்துவமனை வந்துவிடும்.

கதிர்வீச்சுப் பிரிவு அடித்தளத்தில். ஜன்னல் கிடையாது. ஏசியின் முனகல் மட்டும். அங்கே வயதான ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து, பாட்டிலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருப்பார்கள். சிகிச்சையின்போது சிறுநீர்ப்பை நிறைந்திருக்க வேண்டும், குடல் காலியாக இருக்க வேண்டும். அப்போதுதான் கதிர் படக்கூடாத இடங்கள் கொஞ்சம் விலகி நிற்குமாம். அதனால் குடிப்பார்கள்... அடக்குவார்கள்... கண்ணை மூடிக்கொள்வார்கள். கடலுக்கு அடியில் ஒரு ஜெபக் கூட்டம் நடப்பதுபோல இருக்கும்.

அந்தக் கூட்டத்தில் மாமா ஒரு ஹீரோ. அவர் கூட்ஸ் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிப் பெட்டியில் கழிவறை ஏது?

"ஜோலார்பேட்டை வரைக்கும் அடக்கிட்டுப் போயிருக்கேன் சார். இது என்ன பிரமாதம்?" என்பார் பக்கத்து நாற்காலிக்காரரிடம். "மனசுக்குள்ள ஸ்டேஷன் பேரைச் சொல்லிட்டே வாங்க. தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம்... செங்கல்பட்டு வர்றதுக்குள்ள உங்களைக் கூப்பிட்டுடுவாங்க."

அவரும் உதட்டை அசைக்க ஆரம்பித்துவிடுவார். எனக்குத் தூக்கம் வந்துவிடும்.

முதல் நாளே நான் சிஸ்டரிடம் கேட்ட சந்தேகம் ஒன்று: "ட்ரீட்மென்ட் முடிஞ்சு வந்து குழந்தையைத் தூக்கலாமா? கதிர் அவங்க உடம்புல ஒட்டியிருக்குமா?" அவர் சிரித்துவிட்டார். "வெளியிலிருந்து கொடுக்கிறதும்மா. லைட்டை அணைச்சா வெளிச்சம் ஒட்டிக்கிட்டா இருக்கு? தாராளமா தூக்கட்டும்." இப்படி நூறு விஷயத்துக்கு நான் கவலைப்பட்டேன். கவலைப்பட வேண்டிய விஷயத்தைக் கோட்டைவிட்டேன்.

மாமா சோபாவில் ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார ஆரம்பித்தார் — முதுகுவலி என்று நினைத்தேன். பேன்ட்டை விட்டு வேட்டிக்கு மாறினார் — வெயில் காலம் என்று நினைத்தேன். தன் துணியைத் தானே துவைத்தார் — எனக்கு உதவுகிறார் என்று நினைத்து, சர்ச்சில் நாலு பேரிடம் சொன்னேன். பிறகு உபவாசம் ஆரம்பித்தது; அதையும் சர்ச்சில் சொன்னேன். நாங்கள் எதையும் துருவிக் கேட்கிற குடும்பம்தான். ஆனால், லெந்து நாளில் ஒருவர் பட்டினி இருந்தால் ஏன் என்று கேட்போமா?

அன்று சிஸ்டர் மாமாவைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய்ப் பேசிவிட்டு வந்தார். பிறகு காய்கறிக் கடையில் பேசுவதுபோலச் சாதாரணமாக என்னிடம் சொன்னார்.

"லூஸ் மோஷன் அடிக்கடி போகுது. கழுவிக் கழுவிப் புண்ணாயிருக்கு. உட்கார முடியல. ஏன் சார் எங்ககிட்ட சொல்லல? இதெல்லாம் இந்த ட்ரீட்மென்ட்ல வர்றதுதான்." மாமாவிடம் திரும்பினார். "டாய்லெட்ல ஹெல்த் ஃபாசெட் பைப்பை வேகமா அடிக்கிறீங்களா? வேண்டாம். மக்ல வெதுவெதுப்பான தண்ணி போதும். வாசனை சோப்பு வேண்டாம். தேய்க்காம மெத்துன்னு ஒரு காட்டன் துணியால ஒத்தி எடுங்க. டாக்டர் எழுதித் தர்ற கிரீம் மட்டும்தான். மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர்னு நீங்களா எதையும் போடக்கூடாது. ரத்தம் தெரிஞ்சா உடனே சொல்லணும்."

"வீட்டுல என்ன சமைக்கிறீங்க?" அடுத்த கேள்வி எனக்கு.

நான் ஆர்வமாகச் சொன்னேன். முருங்கைக்கீரை, கேழ்வரகுக் களி, கொண்டைக்கடலைச் சுண்டல்... எல்லாம் இன்டர்நெட்டில் பார்த்துப் பார்த்துச் செய்தது.

"ஐயோ... நல்ல சாப்பாடுதான், ஆனா இப்ப இல்லம்மா. நார்ச்சத்தைக் குறைங்க. வெள்ளைச் சோறு, தோல் சீவின உருளைக்கிழங்கு, வாழைப்பழம், முட்டை, மோர். காரம் வேண்டாம். வயிறு ஆறினதும் கீரைக்குத் திரும்பிக்கலாம்."

டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். கூடவே ஒன்று சொன்னார். இப்படியே இளைத்துக்கொண்டு போனால் சிகிச்சையை நடுவில் நிறுத்த வேண்டி வரலாம். இடைவெளி விழுவது நல்லதல்ல.

அவர் நிறுத்துவதற்கு முன் மாமாவே நிறுத்திவிட்டார். காரில் ஏறியதும் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "போதும்மா சுஜி. நாளைலேர்ந்து நான் வரல."

எங்களை வழக்கமாகக் கூட்டிப்போகும் டிரைவர் முரளி அண்ணா கண்ணாடியில் பார்த்தார். "இன்னா சார், டல்லா கீறீங்க? ஓரங்கட்டி ஒரு டீ அட்ச்சா எல்லாம் சரியாப் பூடும்!"

டீ என்ற வார்த்தைக்கு மாமாவின் முகத்தில் ஓடிய பயத்தை அன்றுதான் பார்த்தேன். சதுப்பு நிலம் வந்தது, போனது. அன்று நான் எந்தப் பறவையையும் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவருக்கு போன் செய்தேன். அவர் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்டில் இருந்தார்.

"நான் எப்படி சுஜி அப்பாகிட்ட இதைப் பேசறது?"

"நீங்க மகன். நீங்களே பேசலேன்னா நான் எப்படி?"

"உனக்குத்தான் நல்லா எழுத வருமே..."

வாரா வாரம் பத்திரிகையில் பத்தி எழுதுவதால் வரும் லாபம் இதுதான்.

மாமியார் இல்லாத வீடு. இருந்திருந்தால் ஒரே அதட்டலில் முடிந்திருக்கும். நான் என்ன செய்ய? மாமனாரிடம் போய், 'மாமா, எங்கே எரிகிறது?' என்று கேட்பதா?

அப்போது இவா அழுதாள். என் மகள். டயப்பர் போட்ட இடம் இரண்டு நாளாகச் சிவந்திருந்தது. ஹாலில் பாய் விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்துத் துடைத்தேன். பிறகு ஒத்தி எடுத்து, கொஞ்ச நேரம் காற்றாட அப்படியே கிடக்கவிட்டேன். மின்விசிறி சுற்றியது. திரைச்சீலை ஊதிப் பெருத்துச் சுருங்கியது. மாமா ஓரமாக நாற்காலியில் பேப்பரை விரித்துப் பிடித்திருந்தார். மத்தியான வெளிச்சத்தில் வீடே ஒரு கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீருக்குள் இருப்பதுபோல இருந்தது. அந்த மயக்கத்தில்தான் எனக்குத் துணிச்சல் வந்திருக்க வேண்டும்.

குழந்தையிடம் சொல்வதுபோலப் பெரியவர்களுக்குச் சொல்வது நம் வீடுகளின் பழைய கலை. பெரும்பாலும் குத்திக்காட்டத்தான் பயன்படும். 'பாப்பா, உங்க பாட்டிக்குக் காபியில சக்கரை பத்தலையாம்' என்கிற ரகம். நான் வேறு விதமாக முயன்றேன்.

"இவாக்குட்டிக்கு எரியுதா? எரிஞ்சா யார்கிட்ட சொல்லணும்? அம்மாகிட்டதானே? மறைச்சா அம்மாவுக்கு எப்படித் தெரியும்?"

இவா தன் கால் கட்டைவிரலை வாயில் வைத்துக்கொண்டாள். பேப்பர் சத்தம் நின்றது.

"சாப்பிடாம இருந்தா எரிச்சல் போயிடுமா? போகாது. உடம்புல இருக்கிற தெம்புதான் போகும்."

பிறகு பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"இவா... அம்மாகிட்ட சொல்லு. தாத்தா லெந்துக்காகப் பட்டினி கிடக்கல. சாப்பிட்டா வண்டியில தாங்கல. மேடவாக்கம் சிக்னல்ல நிக்கும்போது... தாத்தாவுக்குப் பயமா இருக்கு."

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. குனிந்துகொண்டேன்.

"இவா, தாத்தாகிட்ட சொல்லு. ஒரு வார்த்தை சொன்னா முரளி அண்ணா எந்த பெட்ரோல் பங்க்லயும் நிறுத்துவார். உனக்கு மாத்துத்துணி எடுத்துட்டுப் போற மாதிரி தாத்தாவுக்கும் அம்மா எடுத்துட்டு வருவா."

"தாத்தாவுக்கு வெட்கமா இருக்குன்னு சொல்லு."

"இவாவுக்கு வெட்கமா இருக்கா? இல்லையே! துணியே இல்லாம, மகாராணி மாதிரி எப்படிக் கிடக்கறா பாரு!"

பேப்பர் குலுங்கியது. மாமா சிரிக்கிறார்! பேப்பரை மடித்துவிட்டு அவர் கேட்டார்: "நாளைக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்னு உங்கம்மாகிட்ட கேளு."

நான் பேசியது முறையா, மரியாதைக் குறைவா என்று இப்போதும் அவ்வப்போது யோசிக்கிறேன். ஆனால், மறுநாள் காலை அவர் இட்லி சாப்பிட்டார். குழைந்த சோறு, மோர், மசித்த உருளைக்கிழங்கு என்று வீட்டுச் சமையலே வெள்ளை நிறத்துக்கு மாறிவிட்டது. குளியலறையில் ஒரு மக்கும், பழைய வேட்டியைக் கிழித்த மெல்லிய துணிகளும் வந்தன. மாத்திரைக்கு மோஷன் குறைந்தது. கிரீமுக்கு எரிச்சல் தணிந்தது. முழுக்கப் போய்விடவில்லை. சிகிச்சை முடிந்த பிறகும் சில வாரம் இருக்கலாம் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். ஆனால், ஒரு நாள்கூடத் தவறவில்லை. (உங்கள் வீட்டில் யாருக்காவது இதே தொல்லை என்றால் என் சமையலறையை நம்பாதீர்கள். உங்கள் சிஸ்டரைக் கேளுங்கள்.)

வானத்தில் இருப்பவரிடம் எதை வேண்டுமானாலும் சொல்கிறோம். பக்கத்து அறையில் இருப்பவரிடம் வயிறு சரியில்லை என்று சொல்ல ஏன் இத்தனை தயக்கம்?

போன வெள்ளிக்கிழமை மாலை லெந்து கூட்டம். பாஸ்டர் பேச ஆரம்பித்ததுமே மாமாவின் பக்கம் கையைக் காட்டினார். "நம்ம ஜார்ஜ் ஐயாவைப் பாருங்க. இவ்வளவு பெரிய சிகிச்சைக்கு நடுவுலயும் உபவாசத்தை விடல. வாலிபர்கள் கத்துக்கணும்!"

சபையே திரும்பிப் பார்த்தது. மாமா முன்பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"மன்னிக்கணும் பாஸ்டர். அது உபவாசம் இல்ல. லூஸ் மோஷன்."

பாஸ்டர் நீட்டிய கையை மெல்ல இறக்கினார்.

"ரேடியேஷனால வந்தது. வெட்கப்பட்டு மறைச்சேன், சாப்பிடாம கிடந்தேன். இப்ப மருமக சமைக்கிறதைச் சாப்பிடறேன். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்."

"ஆமென்" என்றது சபை, பழக்க தோஷத்தில்.

கூட்டம் முடிந்து வெளியே வந்தால், வேப்பமரத்தடியில் மாமாவைச் சுற்றிப் பெரியவர்கள். ஒருவர் அவர் கையைப் பிடித்து ஓரமாக இழுக்கிறார். "ஜார்ஜு, எனக்கும் ராத்திரியில ஒண்ணுக்குப் போறதுல ஒரு சிக்கல் இருக்குய்யா... யார்கிட்டயும் சொல்லல." மாமா அவரை அதட்டுகிறார். "முதல்ல டாக்டரைப் பாருய்யா. திங்கக்கிழமை நானே கூட்டிட்டுப் போறேன்." அவருக்குப் பின்னால் இன்னொருவர், தொண்டையைச் செருமியபடி காத்திருக்கிறார்.

பாவம் பாஸ்டர்... அன்றைய பிரசங்கம் எதைப் பற்றி என்று எங்கள் சபையில் ஒருவருக்கும் ஞாபகமில்லை!