வலது சீட்டின் பிரேக்

ஆளில்லாத ரவுண்டானாவில் வண்டியை நிறுத்திவிட்டு, "உள்ளே ஒரு குரல் வேண்டாம் என்றது" என்று காரணம் சொல்லி டிரைவிங் டெஸ்ட்டில் தோற்றவன் துபாயில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அதுவும் ஐம்பதை நெருங்கும் வயதில். அந்த நாட்களை நினைத்தால் கண்முன் வருவது, பயிற்சி வண்டியின் வலது சீட்டுக்குக் கீழே இருந்த இன்னொரு பிரேக். அதன்மேல் எப்போதும் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்த மாஸ்டரின் கால் இருக்கும்.

மாஸ்டர் அதிராம்பட்டினத்துக்காரர், என்னைவிட ரொம்ப இளையவர். சிக்னலில் நிற்கும்போதெல்லாம் அவருக்கு நஞ்சு குடித்த கிரேக்கக் கிழவரைப் பற்றிப் பிரசங்கம் செய்வேன். கிழவருக்குள் சின்ன வயதிலிருந்தே தெய்வக் குரல் ஒன்று கேட்குமாம். இதைச் செய் என்று ஒருநாளும் சொன்னதில்லை, செய்யாதே என்று தடுக்க மட்டும் செய்யுமாம். மாஸ்டர் தன் காலடியைப் பார்த்தார். "இதுவும் அப்படித்தான் சார். இந்தப் பக்கம் பிரேக் மட்டுந்தான், ஆக்ஸிலேட்டர் கெடயாது. கெழவரு நம்ம ஆளுதான். பச்ச விழுந்துருச்சு, கண்ணாடியப் பாத்து எடுங்க."

லைசென்ஸ் வந்தால்தான் புது வேலை. இல்லாவிட்டால் விசா முடிந்ததும் குடும்பத்தோடு ஊருக்கு மூட்டை கட்ட வேண்டும். கடைசி டெஸ்ட்டன்று காலையில் மனைவி கெஞ்சினாள்: "அந்த ஆபீசர் என்ன சொன்னாலும் தலையாட்டுங்க. உங்க கிரேக்கத் தாத்தாவ வீட்டுலயே விட்டுட்டுப் போங்க."

தாத்தா கேட்கவில்லை, கூடவே வந்தார். மாஸ்டரின் இடத்தில் உட்கார்ந்த அதிகாரி, "யல்லா, ரைட் லேன்" என்றார். உள்ளே 'வேண்டாம்' என்றது. ரவுண்டானாவில் என்னைக் கவிழ்த்த அதே குரல். நான் நேராகவே போனேன். "யல்லா!" சீக்கிரம் மாறு என்று அதட்டினார். ஹெட்மாஸ்டர், மேனேஜர், விசா கொடுத்த கஃபீல் என்று எல்லோருக்கும் 'எஸ் சார்' சொல்லியே தேய்ந்த என் நாக்கு, அன்று அவர் அரபியிலேயே "மாஃபி", முடியாது, என்றது. அடுத்த நொடி, வலப்பக்கம் ஒரு டெலிவரி பைக் சாப்பாட்டுப் பெட்டியோடு சீறிப் பாய்ந்தது. அதிகாரியின் கால் பிரேக்கைத் தொடவே இல்லை. டெஸ்ட் முடிந்ததும் பாஸ் போட்டார். ஃபெயில் போட்டிருந்தாலும், மூட்டையே கட்டியிருந்தாலும், இன்றைக்கும் என் பதில் மாஃபிதான்.

இப்போது என் சொந்த வண்டியில் அந்த இடத்தில் வெறும் மிதியடி. மனைவி அதைத்தான் மிதிமிதியென்று மிதிக்கிறாள்.

பாஸான அன்று மாஸ்டரிடம் ஓடிப்போய், பைக் பாய்ந்த கதையைச் சொல்லி, கிழவரின் குரல் எனக்கும் கேட்டுவிட்டது என்று மார்தட்டினேன். அவர் குனிந்து, அந்த பிரேக்கில் ஒட்டியிருந்த மணலைத் துணியால் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னார்:

"கொரலெல்லாம் இல்ல சார். இன்னைக்குத்தான் மொத மொதலா கண்ணாடியப் பாத்திருக்கீங்க."