தங்கைக்குப் பின்னால் ஓடியவன்

எதிர்வீட்டு மாமி எரிகிற அடுப்பில் தண்ணீரை ஊற்றி அணைத்த சத்தம், பிறர் சொல்லிச் சொல்லியே, இன்னும் என் காதில் இருக்கிறது. அடுத்த வீட்டிலும் அதே சத்தம், அதற்கடுத்த வீட்டிலும். கோட்டைக்குள் இருந்த எங்கள் அக்கிரகாரத்தில் ஒரு சாவு விழுந்தால், உடலை எடுக்கும்வரை எந்த வீட்டிலும் அடுப்பு எரியக்கூடாது. அன்று யாரும் சாகவில்லை. நானும் என் தங்கையும் ஓடப் போயிருந்தோம், அவ்வளவுதான்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகியிருந்த காலம் அது. நான் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா. நாற்காலிக்கு ஏற்றபடி உடம்பு வளர்ந்து, நாற்காலியையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. தங்கை பெண்கள் கல்லூரியில் படித்தாள். விளையாட்டு விழாவில் மைதானத்தை இரண்டு சுற்று ஓடும் பந்தயத்துக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். வீட்டிலோ அவளுடைய ஜாதகம் திருநெல்வேலிக்கும் தஞ்சாவூருக்கும் போய்வந்துகொண்டிருந்தது. அந்த வருஷம் விட்டால் அப்புறம் ஓட்டமாவது ஒன்றாவது. "இந்த ஒரு தடவைதாம்ப்பா" என்று கேட்டாள். அப்பா ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார்: பயிற்சிக்குப் போகும்போது அண்ணா கூட ஓடவேண்டும். பெண் தனியாக ஓடினால் நாலு பேர் பேசுவார்கள். பின்னால் நானும் ஓடினால் அந்த நாலு பேரும் என்னைப் பார்த்துச் சிரிப்பதிலேயே நேரத்தைக் கழித்துவிடுவார்கள் என்று கணக்குப் போட்டிருப்பார்.

முதல் நாள் விடியற்காலை. தங்கை தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு சிட்டாகப் போய்விட்டாள். நான் வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டுடன், வாயைத் திறந்துகொண்டு பின்னால் ஓடினேன். அக்கிரகாரத்தில் எவரும் ஓடுவதில்லை. ரயிலுக்குக்கூட நடந்துதான் போவார்கள். ஓடினால் யாரோ போய்விட்டார் என்று அர்த்தம். எதிரே வந்த பால்காரன் சைக்கிளை நிறுத்தி, "எந்தா சாமி, ஆரா மரிச்சது?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்ல மூச்சு வேண்டாமா? கையை மட்டும் வீசினேன். அது நேராகத் தெருக்கோடியைக் காட்டியது. தெருக்கோடி வீட்டு மாமா வருஷக்கணக்காகப் படுத்த படுக்கை. போதாததற்கு என் முகம் வேறு, துக்கத்தில் இருப்பவன் முகம்போலவே கோணியிருந்தது. பால்காரன் வீடுவீடாகப் பாலை ஊற்றிக்கொண்டே செய்தியையும் ஊற்றிவிட்டுப் போனான்.

நாங்கள் திரும்பி வந்தபோது கோடி வீட்டு வாசலில் தெருவே துண்டும் கையுமாக நின்றது. உள்ளேயிருந்து மாமாவின் குரல் கணீரென்று கேட்டது: "யாருடா போயிட்டா? என்கிட்டயும்தான் சொல்லுங்களேன்."

அன்று பல வீடுகளில் காப்பி இல்லை. சாவைக்கூட மன்னிப்பார்கள், இதை மன்னிக்கவில்லை. சாயங்காலம் எதிர்வீட்டுக்காரர் வந்து அப்பாவிடம், "ஓய், உம்ம பொண்ணு ஓடினா எனக்கொண்ணும் இல்லை. உம்ம பிள்ளை ஓடறதைப் பார்த்தா அடுப்பை அணைக்கத் தோணறது, கேட்டீரா" என்றார். அப்பா உள்ளே வந்து, "போரும், இத்தோட நிறுத்திக்கோ" என்றார். அதற்குப் பின் இரண்டு நாள் வீட்டில் பாத்திரங்கள் மட்டும் பேசின.

மூன்றாம் நாள் கோடி வீட்டு மாமா அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார். நானும் போனேன், திட்டு வாங்குவதில் என் பங்கை விட்டுக்கொடுக்க மனமில்லாமல். மாமா திட்டவில்லை. "வருஷமா எட்டிப் பாக்காதவாளெல்லாம் அன்னிக்கு வந்து பாத்தா. வந்தவா சும்மாப் போகமுடியாம ஒக்காந்து பேசிட்டும் போனா. எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்தது. ஒருநாள் ஓடினாத்தானே பயம்? தினம் ஓடச் சொல்லு, சரியாயிடும்" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீ மட்டும் கையை ஆட்டாதே" என்றார். தெருவிலேயே மூத்தவர் சொன்னதை அப்பாவால் தட்டமுடியவில்லை.

மறுபடியும் ஓடினோம். குளக்கரையைச் சுற்றி, மேற்குக் கோட்டை வாசலைத் தாண்டி, சங்குமுகம் கடற்கரைக்குப் போகும் சாலையில். மாமா சொன்னபடியே தெரு பழகிவிட்டது. பால்காரன் மட்டும் என்னைக் கண்டால் தலையைத் திருப்பிக்கொள்வான். ஓடும்போது நான் நினைத்ததெல்லாம் சொல்லத் தகுந்ததில்லை: முதலில் இட்லி, பிறகு இட்லிக்கு மிளகாய்ப்பொடியா சட்னியா, அப்புறம் மார்பில் வலிப்பது உண்மையா பிரமையா, கடைசியாக, விழுந்தால் எந்தப் பக்கம் விழுவது நல்லது என்பது. இதிலிருந்து எனக்கு ஒரு ஆராய்ச்சி பிறந்தது. குண்டன் இட்லியை நினைக்கிறான் என்றால், நிஜமாக ஓடத் தெரிந்தவர்கள் எதை நினைப்பார்கள்? வெள்ளிக் கோப்பையா? கைதட்டலா? தினமும் கேட்பேன். "சொல்லேண்டி, ஓடறச்சே என்ன நினைச்சுப்பே?" அவள், "ஒண்ணுமில்லேண்ணா" என்று சொல்லிவிட்டு இன்னும் வேகமாகப் போவாள். என் கேள்விதான் அவளுக்கு நல்ல பயிற்சி தந்தது என்று வெகுநாள் பெருமைப்பட்டிருக்கிறேன்.

பந்தயத்தன்று அப்பாவும் வந்து, யாருக்கும் தெரியாத மாதிரி ஒரு மரத்தடியில் நின்றுகொண்டார். இரண்டாவது சுற்றின் வளைவில் நாயர் வீட்டுப் பெண் ஒருத்தி முந்தினாள். தங்கை இரண்டாவதாக எல்லைக்கோட்டைத் தாண்டினாள். தாண்டியவள் நிற்கவில்லை. கூட ஓடியவர்கள் எல்லாரும் நின்று மூச்சு வாங்க, இவள் மட்டும் மூன்றாவது சுற்று போய்க்கொண்டிருந்தாள். விளையாட்டு டீச்சர், "குட்டீ, கழிஞ்ஞு, மதி" என்று கத்தினார். முடிந்தது, போதும் என்று. அவள் காதில் விழவில்லை, அல்லது விழுந்தது. ஜனங்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. மரத்தடியிலிருந்து வெளியே வந்து, அவள் சுற்றி முடிக்கும்வரை எல்லாரும் பார்க்க நின்றார்.

வீட்டுக்கு நடக்கும்போது, நான் கேட்காமலே அவள் சொன்னாள்: "எழுந்ததுலேர்ந்து யாராவது என்னை எதையாவது கேட்டுண்டே இருக்கா. கோலம் போட்டியா, பால் காய்ச்சினியா, பாடத் தெரியுமா, அவா வந்தா எந்தப் புடவை கட்டிக்கப்போறே. ஓடறச்சேதான் யாரும் ஒண்ணும் கேக்கறதில்லே." கொஞ்ச தூரம் போனபின், "நீ மட்டும் கேப்பே. அதான் வேகமா ஓடினேன்" என்றாள்.

அந்த ஆவணியில் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. இப்போது அவளுக்குப் பேரன் பேத்திகள். ஊருக்கு வந்தால் டாக்டர் சொன்னபடி சங்குமுகம் கடற்கரையில் நடக்கிறோம். வெள்ளை ஷூ போட்ட பெண்கள் தங்கள் பாட்டுக்கு எங்களைத் தாண்டி ஓடுகிறார்கள். யார் செத்தது என்று எவரும் விசாரிப்பதில்லை. தங்கை அவர்களைப் பார்த்துக்கொண்டே நடக்கிறாள். என்ன நினைக்கிறாளோ என்று எனக்கு நாக்கு துறுதுறுக்கிறது. வாயை மூடிக்கொண்டு பின்னால் போகிறேன். இத்தனை வருஷத்தில் அவளுக்கு நான் செய்த ஒரே உபகாரம் அதுதான். அதற்கும் மூச்சு வாங்குகிறது.