வலது கன்னத்துக்கு மூன்று வேளை

முதல் வலி காலையில் முகம் கழுவும்போது வந்தது. மஞ்சள் தேய்த்த விரல் வலது மூக்கோரத்தைத் தொட்டது. அங்கிருந்து காது வரைக்கும் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஒரு வெட்டு. நாலைந்து நொடிதான் இருக்கும். கையிலிருந்த செம்பு எங்கே விழுந்தது என்றே எனக்குத் தெரியாது. வலி நின்ற பிறகு கண்ணாடியில் பார்த்தேன். முகத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு வீக்கமாவது இருந்திருந்தால் நாலு பேரிடம் காட்டியிருக்கலாம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எனக்கு நாற்பத்து நான்கு வயது. திருநெல்வேலி டவுணில் வீடு, தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர் வேலை. பேசிப் பிழைத்தவள் நான். என் வீட்டுக்காரர் பத்திரப்பதிவு அலுவலகத்தில் எழுத்தர். அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்குள் பொழுது விடிந்துவிடும். அவருக்கும் சேர்த்து நானே பேசிவிடுவதாகச் சொந்தக்காரர்கள் கேலி செய்வார்கள்.

பல்வலி என்றுதான் எல்லோரும் நினைத்தோம். பல் மருத்துவர் ஒரு கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார். வலி போகவில்லை. அடுத்த பல்லையும் பிடுங்கினார். இரண்டும் நல்ல பற்கள் என்று பிறகு தெரிந்தது. இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது முகத்தில் இப்படி வெட்டி வெட்டி வலித்தால், பல்லைக் கொடுப்பதற்கு முன் ஒரு நரம்பு மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

நாளாக ஆக, எதைத் தொட்டாலும் வலி வந்தது. சோற்றை மென்றால் வரும். ஹெட்போனை மாட்டினால் வரும். டவுண் பஸ்ஸில் ஜன்னல் காற்று பட்டால் வரும். என் வீட்டுக்காரர் பஸ்ஸில் என் வலது பக்கத்தில் வருகிற மாதிரி ஜன்னலோரம் உட்காரத் தொடங்கினார். கல்யாணத்துக்கு முன்பே வலது மூக்கில் குத்திய மூக்குத்தியைக் கழற்றி டப்பாவில் போட்டேன். "மூக்கு ஏன் மூளியா இருக்கு?" என்று தெருவில் கேட்காத ஆள் இல்லை. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்.

கடைசியில் பாளையங்கோட்டையில் ஒரு நரம்பு மருத்துவரிடம் போனோம். அவர் கொஞ்சம் பஞ்சை எடுத்துத் திரித்து என் கன்னத்தில் லேசாகத் தொட்டார். நான் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டேன். அவர் பஞ்சைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் மன்னிப்புக் கேட்டார்.

"இது பல்லு இல்லம்மா, உங்க பயமும் இல்ல. நிஜமான வலி. மனுஷனுக்கு வர்ற வலியிலேயே இது ரொம்பப் பொல்லாதது" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அத்தனை மாதத்தில் வலிக்காக அழுததைவிட, ஒருவர் நம்பிவிட்டாரே என்று அன்று அழுததுதான் அதிகம்.

நோயின் பெயர் ட்ரைஜெமினல் நியூரால்ஜியா (முகத்தின் உணர்ச்சியை மூளைக்குக் கொண்டுபோகும் நரம்பில் வரும் வலி). மருந்தின் பெயர் கார்பமசிபின் (நரம்பின் துள்ளலை அடக்கும் மாத்திரை; வலிப்பு நோய்க்கும் இதையே கொடுப்பார்கள்). அரை மாத்திரையில் தொடங்கி மெல்ல ஏற்றினார்கள். முதல் இரண்டு வாரம் தரை ஆடியது. மதுரைக்குப் பேச வேண்டியவரைத் தூத்துக்குடிக்கு இணைத்துவிட்டு மேலாளரிடம் திட்டு வாங்கினேன். ரத்தப் பரிசோதனை அடிக்கடி செய்யச் சொன்னார்கள். வலி இல்லாத நாளிலும் விடாமல் சாப்பிட வேண்டும், தானாக நிறுத்தவே கூடாது என்று மருத்துவர் இரண்டு முறை சொன்னார். நானும் இரண்டு முறை தலையாட்டினேன்.

மூன்றாவது வாரம் வலி ஓய்ந்தது. ஒரு இட்லியை முழுதாக மென்று தின்றேன். மூக்குத்தியை எடுத்துப் போட்டுக்கொண்டேன். பழையபடி வாயாடத் தொடங்கியதும் இவர் முகத்தில் ஒரு சிரிப்பு தெரிந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் கோமதிக்குக் களக்காட்டிலிருந்து வரன் வந்தது. நல்ல இடம். பையனுக்கும் அவளுக்கும் ஒருவரையொருவர் பிடித்துவிட்டது. நிச்சயதார்த்தத்துக்கு நாளும் குறித்தாயிற்று.

ஒருநாள் ரத வீதி மருந்துக்கடையில் என் சீட்டைப் பார்த்த கடைக்காரர், நாலு பேர் நிற்கும்போதே, "யாருக்கு வேய் வலிப்பு?" என்று இவரிடம் கேட்டிருக்கிறார். இவர் பதில் சொல்லாமல் மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். விஷயம் என் நாத்தனார் காதுக்கு எட்டியது. அன்று சாயங்காலமே வந்துவிட்டாள். அந்தக் கடைக்காரர் மாப்பிள்ளை வீட்டுக்கு ஒருவகையில் சொந்தமாம். தாய்க்கு வலிப்பு என்று ஒரு வார்த்தை போனால் போதும், பெண்ணைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்றாள். அவள் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் சாதிசனத்தில் அப்படி நின்றுபோன கல்யாணங்களை நானே பார்த்திருக்கிறேன்.

நான் செய்த தவறு இதுதான். வலி போய் மூன்று மாதம் ஆயிற்றே, இன்னும் எதற்கு மாத்திரை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மருத்துவர் நிறுத்தச் சொல்லிவிட்டதாக இவரிடம் பொய் சொன்னேன். நிச்சயத்துக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது நிறுத்தினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்தேன்.

நாலு நாள் ஒன்றும் இல்லை. என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். ஐந்தாம் நாள் பல் துலக்கும்போது அது திரும்பி வந்தது. நிச்சயத்துக்கு முந்தைய நாளெல்லாம் ஆறிய கஞ்சியை இடது கடைவாய் வழியாகக் குடித்தேன். யாராவது பேச்சுக் கொடுத்தால் அடுக்களைக்குள் போய்விடுவேன். நாளை ஒரு பொழுது ஓடிவிட்டால் போதும் என்று நெல்லையப்பரிடம் மன்றாடினேன்.

மூளி மூக்கோடு நிச்சயத்தில் நிற்கக் கூடாது என்று அன்று காலை மூக்குத்தியைப் போட்டேன். அதற்குள் மூன்று முறை வலி வெட்டியது. பட்டுச்சேலை வேர்வையில் நனைந்துவிட்டது.

தாம்பூலம் மாற்றி முடிந்தது. சம்பந்திகள் ஒருவருக்கொருவர் சந்தனம் பூசுவது எங்கள் வழக்கம். கையில் பூசுவதோடு விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்திருந்தேன். பையனின் அம்மா சிரித்த முகம், உரிமையாகப் பழகுகிறவள். "இனிமே நாம ஒரு வீடு, மதினி" என்று சொல்லிக்கொண்டே குளிர்ந்த சந்தனத்தை அள்ளி என் வலது கன்னத்தில் வழித்தாள்.

நான் அவள் கையைத் தட்டிவிட்டேன். சந்தனக் கிண்ணம் உருண்டு போய் ஜமக்காளத்தில் கவிழ்ந்தது.

சம்பந்தியின் கையைத் தட்டிவிடுவதைவிடப் பெரிய அவமானம் வேறு இல்லை. அவள் சந்தனக் கையோடு திகைத்து நிற்கிறாள். கோமதி தலையைக் குனிந்துகொண்டாள். நான் சொல்ல நினைக்கிறேன், தாடை திறக்கவில்லை. வாழ்நாளெல்லாம் பேசியவளுக்கு, பேச வேண்டிய ஒரே இடத்தில் வாய் பூட்டிக்கொண்டது. நாத்தனார் முந்திக்கொண்டு, பல்வலி, வேறொன்றும் இல்லை என்றாள்.

அப்போது இவர் எழுந்தார். பத்துப் பேர் கூடிய இடத்தில் இவர் எழுந்து பேசி நான் பார்த்ததில்லை.

"பல்வலி இல்ல. இவளுக்கு முகத்துல நரம்பு வலி. வலிப்புக்குக் குடுக்கிற மாத்திரையத்தான் இதுக்கும் குடுக்காங்க. உங்களுக்குத் தெரிஞ்சா சம்பந்தம் நின்னுருமோன்னு நிறுத்திட்டா. இதுல உங்களுக்குச் சம்மதம் இல்லன்னா இப்பவே சொல்லிருங்க. ஆனா இவ இனிமே மாத்திரைய நிறுத்த மாட்டா."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்தார். ரத வீதிக் கடைக்காரர் கண்ணில் படாமல் அம்பாசமுத்திரத்துக்குப் போய் வாங்கி வந்ததாம். நான் கேட்பேன், கேட்பேன் என்று ஒரு வாரமாகப் பையிலேயே வைத்திருந்திருக்கிறார். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று பிறகு கேட்டேன். "நீ பேசாம இருந்தா எனக்குத் தெரியாதா?" என்றார்.

சம்பந்தியம்மாள் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பக்கத்து ஆட்கள் தங்களுக்குள் குசுகுசுத்தார்கள். அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. குனிந்து, கவிழ்ந்த கிண்ணத்தில் மிச்சமிருந்த சந்தனத்தை விரல் நுனியில் எடுத்தாள்.

"எந்தப் பக்கம் தொடலாம், மதினி?" என்று கேட்டாள்.

நான் இடது கன்னத்தைக் காட்டினேன். பூ வைப்பது போல அங்கே ஒரு பொட்டு வைத்தாள். எனக்குக் கண்ணீர் வழிந்தது. அது வலது கன்னத்தில் இறங்கி, வலியையும் கூட்டிக்கொண்டு வந்தது.

மாத்திரை உடனே கேட்டுவிடாது. மறுபடி அரையிலிருந்து ஏற்றி, ஓய்வதற்கு மூன்று வாரம் ஆயிற்று. மாப்பிள்ளையின் சித்தப்பா சந்தேகம் தீராமல் நின்றார். சம்பந்தியம்மாளே அவரைக் கூட்டிக்கொண்டு மருத்துவரிடம் வந்து எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள். தை மாதம் கல்யாணம் நடந்தது.

இந்த நோய் முற்றிலும் குணமாகிவிட்டது என்று உங்களிடம் சொல்ல மாட்டேன். என் வலது கன்னம் எனக்குச் சொந்தமானதுதான், ஆனால் நான் கேட்டுக்கொண்டுதான் அதைத் தொட வேண்டியிருக்கிறது. அடுத்த வருஷம் என்ன ஆகும் என்று யோசிப்பதை விட்டுவிட்டேன். காலை மாத்திரையிலிருந்து மதிய மாத்திரை வரை, மதியத்திலிருந்து இரவு வரை. அவ்வளவு தூரம் நிம்மதியாகப் போனால் போதும் என்றிருக்கிறது.

கல்யாணமான மறுவருஷம் இரண்டு குடும்பமும் பாபநாசத்துக்குப் போனோம். படித்துறையில் மலைக்காற்று வீசியது. எல்லோரும் முங்கிக் குளிக்கிறார்கள். நான் இடுப்பளவுத் தண்ணீரில் பயந்துபோய் நிற்கிறேன். சம்பந்தியம்மாள் இறங்கி வந்து என் வலது பக்கம் நின்றாள். துண்டை இரண்டு கையாலும் விரித்து, காற்று படாமல் பிடித்துக்கொண்டாள்.

"பைய முங்குங்க. நான் நிக்கேன்" என்றாள்.

மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கினேன். வலது கன்னத்தில் தண்ணீர் பட்டது. அடுத்து வரப்போவதற்காகக் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. தண்ணீர் குளிர்ந்தது, அவ்வளவுதான். நான் எழுந்தபோது அவள் துண்டை இறக்காமல் அப்படியே நின்றிருந்தாள். இன்னொரு முறை முங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.