றிஸானின் கார்க் கொட்டில்

றிஸான் தோஹாவில் ஒரு பெரிய ஹோட்டலின் வாசலில் பதினைந்து வருடங்களுக்கு மேல் வேலை செய்தான். விருந்தாளிகள் வந்து இறங்கியதும் அவர்களுடைய காரை நிலத்தடித் தரிப்பிடத்தில் கொண்டுபோய் விடவேண்டும். அவர்கள் புறப்படும்போது திரும்பக் கொண்டுவந்து கொடுக்கவேண்டும். அவன் கைபடாத ஸ்போர்ட்ஸ் கார் அந்த நகரத்தில் குறைவு. ஆனால் எதையும் இரண்டாவது கியருக்கு மேல் போட்டதில்லை. அதற்குள் சுவர் வந்துவிடும்.

ஒரேயடியாக ஏறாவூருக்குத் திரும்பியபோது அவனுக்கு ஐம்பது வயது. வீட்டுக்கு மேல்மாடி எடுக்கவேண்டும் என்பது மனைவி ஸுஹைனாவின் எண்ணம். வந்து இரண்டு மாதம் ஆகுமுன் றிஸான் கண்டிக்குப் போய், இரண்டு பேர் மட்டுமே உட்காரக்கூடிய, கூரையை மடித்துத் திறக்கிற பழைய மஸ்டா ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தான். கரும்பச்சை நிறம். தெருவே கூடிவிட்டது.

ஸுஹைனா உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"பின்னுக்கு இருக்க இடமில்லையே. மகள எங்க ஏத்துற?"

"மகள் பஸ்ஸில வரட்டும்" என்றான் றிஸான். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த மகள் இன்ஷிரா உட்பட எல்லோரும் சிரித்தார்கள்.

வாங்கிய சில வாரங்களில் எஞ்சின் திக்கத் தொடங்கியது. ஊரில் ஒரு கராஜுக்குக் கொண்டுபோனான். லொறியும் முச்சக்கரவண்டியும் பார்த்துப் பழகிய மெக்கானிக்கின் கை, ஸ்பார்க் பிளக்கைத் தன் பலத்துக்கு இறுக்கியது. அலுமினிய எஞ்சின் அதைத் தாங்கவில்லை. உள்ளே புரி தேய்ந்துவிட்டது. அதைச் சரிப்படுத்திக்கொண்டு வந்த அன்றே, இனி இந்தக் காரில் வேறொருவரும் கைவைக்கக் கூடாது என்று முடிவெடுத்தான். அவனுக்கு அதுவரை சில்லுக் கழற்றக்கூடத் தெரியாது.

வீட்டின் பக்கத்தில் தகரம் போட்ட ஒரு கொட்டில் இறக்கினான். பிறகு சாமான்கள் வரத் தொடங்கின. முதலில் வந்தது காரைத் தூக்குகிற தாழ்வான ஜக்கும், தூக்கியபின் அடியில் கொடுக்கிற ஒரு சோடி இரும்புத் தாங்கியும்.

"ஜக்க மட்டும் நம்பி கீழ போனவன் திரும்பி வந்தா அது அல்லாஹ்ட உதவி" என்று மகளிடம் சொன்னான். அதன்பிறகு நட்டைக் கவ்வித் திருப்புகிற சொக்கட் பெட்டி. கொழும்பில் பஞ்சிகாவத்தைக் கடைகளில் ஒருநாள் முழுக்க அலைந்து வாங்கிய ஸ்பானர் வரிசை. பழைய ஒயிலை வடிக்கிற தட்டு. எல்லாவற்றிலும் அவன் பெருமைப்பட்டது டோர்க் ரென்ச்சில்தான். எவ்வளவு இறுக்கவேண்டும் என்று கைப்பிடியைச் சுழற்றி அளவு வைத்துவிட்டால், அந்த இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சத்தம் கொடுக்கும். அதற்கு மேல் ஒரு நூல்கூட இறுக்கத் தேவையில்லை.

வாவிப் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றில் இரும்பு நிற்காது. அதனால் இழுத்துத் திறக்கிற லாச்சிகள் வைத்த பெட்டியொன்று செய்வித்து, பழைய ஸ்பொஞ்ச் மெத்தையை வெட்டி ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதனதன் உருவத்தில் குழி எடுத்தான். வெட்டிக் கொடுத்தது இன்ஷிரா. ஒயில் துணியால் துடைத்து ஒவ்வொன்றையும் படுக்கவைப்பான். யூடியூப்பைப் பார்த்துப் பார்த்து, பிளக்கும் பிரேக் கட்டையும் தானே மாற்றப் பழகிவிட்டான்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு இருவரும் புறப்படுவார்கள். செங்கலடிச் சந்தியில் திரும்பி பதுளை வீதியில் ஏறியதும் கூரையை மடித்துவிடுவான். ஸுஹைனா முக்காட்டுக்கு இரட்டை ஊசி குத்தி, கண்ணை இறுக்கி மூடிக்கொள்வாள். கியர் மூன்று, நான்கு, ஐந்து என்று மாறுவது அவளுக்கே தெரியும். வயல்வெளியின் மணம் வந்த பிறகுதான் கண் திறப்பாள். மேல்மாடிப் பேச்சை அவள் பிறகு ஒருநாளும் எடுக்கவில்லை.

இரண்டாவது வருடத்தில் வந்த சாமான்கள் வேறு மாதிரி இருந்தன. நட்டுகள் உருண்டுவிடாமல் பிடித்துவைக்கிற காந்தத் தட்டு வந்தது. விழுந்ததைப் பொறுக்குகிற காந்தக் கம்பி ஒன்று. மின்சாரத்தில் திருகுகிற ஸ்க்ரூ டிரைவர். ஸ்பானர் பிடிகளில் எல்லாம் சைக்கிள் டியூப்பை வெட்டித் தடிப்பாகச் சுற்றியிருந்தான்.

"இதெல்லாம் இல்லாமத்தானே இவ்வளவு நாளும் செஞ்சீங்க?" என்று ஸுஹைனா கேட்டாள்.

"நல்ல கராஜ் எண்டா இதெல்லாம் இரிக்கணும் புள்ள."

அந்த நாட்களில் தொலைக்காட்சி பார்க்கும்போது அவன் வலது கைப் பெருவிரலும் சுட்டுவிரலும் ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருப்பதை ஸுஹைனா கண்டிருக்கிறாள். மனதுக்குள் அல்லாஹ்வை நினைத்து திக்ர் செய்கிறார், தஸ்பீஹ் மணி உருட்டுகிற பழக்கத்தில் விரல் அசைகிறது என்று நினைத்தாள். அது அவளுக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பதுளை வீதியில் போய்க்கொண்டிருந்தபோது முன்பக்கத்தில் டக் டக் என்று சத்தம் கேட்டது. றிஸான் ஓரங்கட்டினான். அன்று காலைதான் பிரேக் பார்ப்பதற்காகச் சில்லுகளைக் கழற்றிப் பூட்டியிருந்தான். இப்போது அவளிருந்த பக்கத்து முன்சில்லில் இரண்டு நட்டுகள் இல்லை. மற்ற இரண்டும் விரலால் திருப்பக்கூடிய அளவில் இளகியிருந்தன.

அவன் புல்லில் உட்கார்ந்துவிட்டான். பக்கத்தால் ஒரு மணல் லொறி இரைந்துகொண்டு போனது. ரென்ச்சில் பிழை இல்லை. கைப்பிடியைச் சுழற்றி அளவு வைக்கும்போது அவன் விரல்கள் வழுக்கியிருக்கின்றன. குறைந்த அளவில் அது 'டிக்' என்றது. அந்தச் சத்தத்தை நம்பி நான்கு சில்லையும் பூட்டியிருக்கிறான்.

ஸுஹைனா இறங்கி அவன் முன்னால் வந்து நின்றாள். மடியில் கிடந்த கையைப் பார்த்தாள். அது தானாக ஆடிக்கொண்டிருந்தது. திக்ர் இல்லை என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

"எவ்வளவு நாளா?"

"தோஹாவில கடைசி வருசம் ஒருத்தன்ட கார சுவரில உரசிட்டன்" என்றான் அவன். "கை சொன்னதக் கேக்கல்ல. அதுதான் வேலைய விட்டுட்டு வந்த. அங்க டொக்டரும் சொல்லிட்டார். நாளைக்கு கார் ஓட ஏலாமப் போகும், அதுக்குள்ள ஓடிரணும் எண்டுதான் இத வாங்கின."

"எனக்கிட்ட ஒரு வார்த்த சொல்லல்லையே."

"சொன்னா நீ பக்கத்தில இருந்து சிரிக்க மாட்டா, அழுவா."

காரில் கிடந்த ஸ்பானரால் மீதி இரண்டு நட்டுகளையும் மற்றச் சில்லுகளின் நட்டுகளையும் அவளே இறுக்கினாள். ஊர்ந்து ஊர்ந்து வீட்டுக்கு வந்தார்கள்.

மட்டக்களப்பில் நரம்பு டொக்டர் அவனை நடக்கச் சொன்னார். பெயரை எழுதச் சொன்னார். எழுத்து போகப் போகச் சிறுத்து, கடைசியில் கடுகாகியிருந்தது. பார்க்கின்சன். மாற்ற முடியாது, மருந்தால் கொஞ்சக் காலம் அடக்கி வைக்கலாம் என்றார். வாகனம் ஓட்டவேண்டாம் என்றும் சொன்னார்.

காரை விற்கிற பேச்சை ஸுஹைனா எடுக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கொட்டிலில் ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டாள்.

"நீங்க இதில இருந்து சொல்லுங்க. நான் செய்யிறன்."

முதல் மாதங்களில் சண்டைதான். பத்து நம்பர் சொக்கட்டைக் கேட்டால் அவள் பன்னிரண்டை எடுப்பாள். அவன் கத்துவான். கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவன் கத்தி அவள் கேட்டதில்லை. இருந்தும் மறுநாள் கொட்டிலுக்கு வருவாள். நகத்துக்குள் கறுப்பு ஏறிற்று. அவள் போகிற பெண்கள் மத்ரஸாவில் அதைப் பார்த்து யாரோ கேட்டபோது, "கார் ஒயில்" என்று மட்டும் சொன்னாள்.

ஒருநாள் நான்கு பிளக்கையும் அவளே மாற்றினாள். அளவு வைத்தாள், இறுக்கினாள். நான்கு முறை 'டிக்' என்றது. இன்ஷிரா சாவியைத் திருப்ப, எஞ்சின் ஒரு இருமல்கூட இல்லாமல் பிடித்தது. ஸுஹைனா முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பினாள். றிஸான் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"சரிதானே?"

"சரி. சுத்தமான வேல."

"பின்ன ஏன்?"

"எனக்குச் சந்தோசம் வரல்ல புள்ள. வரணும். நீ எவ்வளவு பாடுபட்டு செஞ்சிருக்கா. எண்டாலும் வரல்ல. நான் இல்லாமலும் இது ஓடுது எண்டுதான் நினைக்கத் தோணுது."

அவள் ரென்ச்சைத் துடைத்து அதன் குழியில் வைத்தாள். அவன்மேல் கோபம் வரவில்லை. அவன் பொய் சொல்லியிருந்தால்தான் வந்திருக்கும்.

காரை விற்போம் என்று அவனாகவே சொன்னது அதற்குப் பிறகுதான். ஆரையம்பதியிலிருந்து ஜெயரூபன் என்று ஒருவர் வந்தார். வங்கியில் வேலை, காரைத் தொட்டுப் பார்த்த விதம் றிஸானுக்குப் பிடித்திருந்தது. பேசி முடித்தபின் லாச்சிப் பெட்டியைக் காட்டி, "இதையும் கொண்டுபோங்க தம்பி" என்றான்.

"நானா, இது தனியா விக்கலாமே" என்றார் ஜெயரூபன், அண்ணன் முறை வைத்து.

"அந்தக் காருக்கெண்டு சேத்தது. இஞ்ச இருந்தா துருப்பிடிக்கும்."

கொண்டுபோகிற நாள் காலை ஃபஜ்ர் தொழுகை முடிந்து வந்ததும் கொட்டிலுக்குள் போய்விட்டான். ஒவ்வொரு ஸ்பானராக எடுத்து, ஒயில் துணியால் துடைத்து, குழியில் வைத்தான். விழுந்தது, குனிந்து எடுத்தான், மறுபடி வைத்தான். இன்ஷிரா உதவிக்கு எழுந்தபோது ஸுஹைனா அவள் கையைப் பிடித்து இருத்தினாள். இருவரும் குசினி அடுப்படியில் இருந்து, இரும்பு சீமெந்தில் விழுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெயரூபன் வரும்போது நடுப்பகல் லுஹர் தொழுகை நேரம் நெருங்கியிருந்தது. எல்லா லாச்சியும் நிறைந்திருந்தன.

"எப்ப விருப்பம் வந்தாலும் வாங்க நானா. உங்கள ஏத்திக்கொண்டு ஓடுறன்" என்றார் அவர்.

"வரமாட்டன் தம்பி. குறை நினைக்காதீங்க."

கார் தெருமுனையில் திரும்பியது. எஞ்சின் சூடாகுமுன் அவசரமாகக் கியர் மாற்றியதில் ஒரு உரசல் கேட்டது. "கொஞ்சம் பொறு, பொறுத்துப் போடு" என்று றிஸான் மெல்லச் சொன்னான். பக்கத்தில் நின்ற ஸுஹைனாவுக்கு மட்டும் அது கேட்டது.

இப்போது மாரி தொடங்கிவிட்டது. ஈர உடுப்பை வீட்டுக்குள் தொங்கவிடாமல் கொட்டிலில் கொடி கட்டிக் காயப்போடச் சொன்னது றிஸான்தான். அவள் காயப்போடும்போது கதிரையில் உட்கார்ந்து, உடுப்புக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறான். சிலது அவள் கைக்கு வருகிறது. சிலது வருவதில்லை. விழுந்ததை அவள் குனிந்து எடுக்கிறாள். தகரத்தில் மழை அடித்துக்கொண்டிருக்கிறது.