நிஜமாகவே வாங்க வந்தவன்

தேன் கடைக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான். குச்சியில் தொட்டுக் கொடுத்த தேன் வாயில் இருக்கிறது. நெற்றி சுருங்குகிறது, விரிகிறது. "அடடா" என்கிறான். சத்தமாக இல்லை, பின்னால் போகிறவர்களுக்குக் கேட்கிற அளவுக்கு. தலையை ஆட்டிக்கொண்டே கொஞ்சம் நகர்ந்து போய், மனசு கேட்காதவன்போல் திரும்பி வருகிறான். "ரெண்டு பாட்டில் குடுங்க. வேணாம், மூணாவே குடுத்துடுங்க." அதற்குள் அவன் தோளுக்குப் பின்னால் நாலைந்து பேர் எட்டிப் பார்க்கிறார்கள். பாட்டில்களை வாங்கிக்கொண்டு கூடாரத்தின் பின்பக்கம் போகிறான். முதல் வேலையாக வாயிலுள்ள தேனைத் துப்புகிறான். அவனுக்குச் சர்க்கரை வியாதி. அப்புறம் பாட்டில்களைக் கடைக்காரன் பெண்டாட்டியிடம் கொடுத்துவிட்டு, கொடுத்த காசையும் தன் கூலியையும் வாங்கிக்கொள்கிறான்.

இதுதான் அவன் தொழில். கூலிக்கு வாடிக்கையாளராக நிற்பது. சந்தையில் எல்லாரும் அவனைப் போணி என்றே கூப்பிடுவார்கள். காலையில் அவன் வந்து கைவைத்தால்தான் கடைக்கு முதல் வியாபாரம் ஆன கணக்கு. அது பொய் வியாபாரம் என்பது கடைக்காரனுக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். தெரியாதவர்கள் நீங்கள்தான். வசந்த காலத்தில் நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தால் போதும், எந்தத் திருவிழாவுக்குப் போகலாம், எந்தச் சந்தைக்குப் போகலாம் என்று பத்திரிகையைப் பிரித்து வைத்துக்கொண்டு பிள்ளை குட்டியோடு கிளம்பி வருகிறீர்களே, உங்களுக்காகத்தான் அவன் நிற்கிறான். காலியாக இருக்கும் கடையில் நல்ல சாமான் இருந்தாலும் தாண்டிப் போவீர்கள். ஒருத்தன் நின்று வாயைப் பிளந்தால் அங்கே என்ன என்று ஓடிவருவீர்கள்.

எனக்கு அவன் கொழுந்தன். நான் அந்த வீட்டுக்கு வாழ வந்தபோது மூக்கைச் சட்டைக் கையில் துடைத்துக்கொண்டு திரிந்தவன். அதனால் அறுபது வயதானாலும் எனக்கு அவன் வாடா போடாதான். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் செடிக்கடை போட்டேன். ஒருநாள் என்மேல் இரக்கப்பட்டு, "அண்ணி, காசே வேணாம், உங்களுக்குச் சும்மா நிக்கறேன்" என்று வந்தான். பூவே விடாத நாற்றைத் தூக்கி மோந்து பார்த்துக் கண்ணை மூடினான். பக்கத்தில் நின்ற பெண், "இவருக்கு என்னாச்சு?" என்று என்னைக் கேட்டாள். "தலை சுத்தல்ம்மா, அடிக்கடி வரும்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அதற்குப் பிறகு அவனை என் செடிகளிடம் நெருங்க விட்டதில்லை.

ஆனால் தொழிலில் அவன் கெட்டிக்காரன் என்பதை மறைக்க முடியாது. கடைக்கு நேராக நிற்கமாட்டான், ஒருக்களித்துத்தான் நிற்பான். முதுகு சாமானை மறைத்துவிடக் கூடாதாம். கையில் எப்போதும் ஒரு பெரிய பை தொங்கும். உள்ளே கசக்கிய காகிதம்தான். பவர் இல்லாத மூக்குக்கண்ணாடி ஒன்று வைத்திருக்கிறான். பீங்கான் கடையில் அதை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கோப்பையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பான். பார்க்கிறவர்களுக்கு இவன் ஏதோ பெரிய நிபுணன் என்று தோன்றும். வீட்டில் பிடி உடைந்த கோப்பையில் குடிக்கிறவன். அவன் வாயில் எப்போதும் தயாராக இருப்பது ஒரே வசனம்: "நெஜமா சொல்றேன், இந்த வேலைப்பாட்டுக்கு இந்த விலை ரொம்பக் கம்மி." சோப்பானாலும் சரி, கம்பளியானாலும் சரி, பறவைக் கூண்டானாலும் சரி, அதே வசனம். பேரம் மட்டும் பேசமாட்டான். கூலிக்கு நிற்கிறவன் விலையைக் குறைத்தால் கடைக்காரன் சும்மா விடுவானா?

அவன் பெண்டாட்டி சலவைக் கடையில் துணி தேய்க்கிறாள். நாள் முழுக்க நின்றே வேலை. சாயங்காலம் படியேறும்போது கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டுதான் ஏறுவாள். குதிகால் வலி. என் அறைக்கும் அவர்கள் அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான், அதுவும் மெல்லிசு. இந்த வருஷ லீவுக்கு முந்தின நாள் அவள் போட்ட சத்தம் எனக்குச் சுத்தமாகக் கேட்டது.

"ஊரான் கடையில நின்னு அடடாங்கறீங்க. எனக்குன்னு ஒரு சாமான் வாங்கியிருக்கீங்களா? ஒண்ணே ஒண்ணு?"

"சால்வை கொண்டாந்தேனே."

"அந்தச் சால்வைப் பேச்சை எடுக்காதீங்க, ஆமா!"

எடுத்திருக்கக் கூடாதுதான். ஒரு வருஷம் கூட்ட நெரிசலில் ஒரு சால்வையைத் திருப்பிக் கொடுக்க மறந்து வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டான். அவள் தனக்குத்தான் என்று நினைத்துப் போர்த்திக்கொண்டு பக்கத்து வீடெல்லாம் காட்டிவிட்டு வந்தாள். இந்த மடையன் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் காலையில் கடைக்காரன் வாசலில் வந்து நின்று அவள் தோளிலிருந்தே வாங்கிக்கொண்டு போனான். மடித்துப் பையில் வைப்பதற்கு முன் அழுக்குப் பட்டிருக்கிறதா என்று வேறு பார்த்தான்.

"இந்த லீவு முடியறதுக்குள்ள, நம்ம காசு போட்டு, எனக்குன்னு ஒண்ணு வாங்கிட்டு வாங்க. இல்லன்னா கடைசி நாள் சாயங்கால பஸ்ல மக வீட்டுக்குப் போயிடுவேன். அங்கயும் துணி தேய்க்கத்தான் போறேன். ஆனா உங்க மூஞ்சியப் பாக்க வேண்டியதில்ல."

அவள் சொன்னால் செய்கிறவள்.

முதல் நாள் மலர்க் கண்காட்சியில் தனக்கு ஓய்வில்லை என்றான். அடுத்த நாள் ஆற்றங்கரைச் சந்தையில் நிஜமாகவே ஒரு சால்வையை எடுத்துக் காசைக் கொடுத்திருக்கிறான். கடைக்காரன் கண்ணடித்துவிட்டு ஆளைப் பின்பக்கம் அனுப்பினான். பின்பக்கம் போனதும் கடைக்காரன் மகள் சால்வையைப் பிடுங்கிக்கொண்டு காசைக் கையில் திணித்தாள். "இல்லம்மா, இது எனக்கே வேணும்" என்று சொல்லிப் பார்த்திருக்கிறான். "மாமா, இங்க யாரும் பாக்கல. இங்கயுமா நடிப்பீங்க?" என்று சிரித்தாளாம். பழைய சாமான் சந்தையில் ஒரு நாற்காலிக்கும் அதே கதை.

மூன்றாம் நாள் சாயங்காலம் என் கடைக்கு வந்து பூந்தொட்டிமேல் உட்கார்ந்துவிட்டான். "அண்ணி, எவனும் எனக்கு விக்க மாட்டேங்கறான்."

"அதுமேல உக்காராதடா, உடைஞ்சிடும். இத்தனை வருஷமா பொய்யா வாங்கினா எவன் நம்புவான்? பேரம் பேசு. விலையக் குறைச்சுக் கேளு. வயித்துல அடிச்சாத்தான் நெஜம்னு புரியும் அவங்களுக்கு."

"பேரமா?" திருடச் சொன்னதுபோல் விழித்தான்.

கடைசி நாள் சந்தை பஸ் நிலையத்துக்குப் பக்கத்து மைதானத்தில். முந்தின நாள் மழையில் தரையெல்லாம் சேறு. என் கடைக்கு எதிரே ஒரு செருப்புக்கடை. குதிகாலுக்கு மெத்தை வைத்துத் தைத்த தோல் செருப்பு. அன்றைக்குப் போணியை வேலைக்கு வைத்திருந்ததும் அந்தக் கடைக்காரன்தான். கொழுந்தன் ஒரு செருப்பைக் கையில் எடுத்தான். ஒரு சாண் வைத்தான், அதற்குமேல் இரண்டு விரல் வைத்தான். வீட்டில் அவள் பழைய செருப்பை அப்படித்தான் அளந்து வந்திருக்கிறான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றவில்லை. அடடா சொல்லவில்லை. ஒருக்களித்து நிற்கக்கூட மறந்து கடைக்கு நேராக நின்றான். மறுபடியும் சாண் வைத்து, விரல் வைத்து அளந்தான்.

அந்த அளவெடுப்பைப் பார்த்துத்தான் கூட்டம் சேர்ந்தது.

"என் பொண்டாட்டிக்கு" என்றான். "நாளெல்லாம் நிக்கற பொம்பள. குதிகால் வலி."

"எனக்கும்தான் வலி" என்றாள் ஒருத்தி. "எங்கம்மாவுக்கும்" என்றாள் இன்னொருத்தி.

கடைக்காரன் முகம் மலர்ந்தது. போணி இவ்வளவு நன்றாக நடித்து அவன் பார்த்ததில்லை. விலையைச் சொன்னான். இப்போதுதான் பேரம் பேச வேண்டும். கொழுந்தன் என்னைத் திரும்பிப் பார்த்தான். பேசு என்று கையைக் காட்டினேன். வாயைத் திறந்தான். நாக்கு பழக்கதோஷத்தில் தன் வேலையைச் செய்தது.

"நெஜமா சொல்றேன், இந்த வேலைப்பாட்டுக்கு இந்த விலை ரொம்பக் கம்மி."

அவ்வளவுதான். கைகள் நாலு பக்கத்திலிருந்தும் நீண்டன. கம்பியில் தொங்கிய ஜோடிகள் இலை உதிர்வதுபோல் காலியாயின. அவன் கையிலிருந்ததையும் ஒருத்தி, "நீங்கதான் பேசிட்டே நிக்கறீங்களே" என்று வாங்கிக்கொண்டுபோய்விட்டாள். இவனும் பழக்கத்தில் விட்டுக்கொடுத்துவிட்டான். பலகையில் மிஞ்சியது ஒரே ஜோடி. அதுவும் அவன் அளந்த அளவுதான். அதை உயரமான ஒரு அம்மாள் எடுத்துக் காசைக் கொடுக்கப் போனாள்.

கொழுந்தன் பாய்ந்து அதைப் பிடுங்கினான்.

"விடுங்கம்மா! இது என் பொண்டாட்டிக்கு!"

"நான்தானேய்யா முதல்ல எடுத்தேன்!"

"குறைச்சுக் குடு!" என்று கடைக்காரனைப் பார்த்துக் கத்தினான். ஒருவழியாக வந்துவிட்டது பேரம். "பாதி விலைக்குக் குடு! தையல் கோணலா இருக்கு! இதுக்குப் போய் இவ்ளோ விலையா?"

அந்த அம்மாள் தையலைப் பார்த்தாள், கடைக்காரனைப் பார்த்தாள், பையை மூடிக்கொண்டு போய்விட்டாள். அவள் பின்னால் இன்னும் இரண்டு பேர் கையில் வாங்கியதைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அப்போதுதான் கடைக்காரனுக்கு விளங்கியது. முகம் கறுத்தது.

"நெஜமாவே வாங்க வந்தியாய்யா நீ? எடுத்துட்டுத் தொலை! முழு விலையும் வெச்சிட்டுப் போ. உன் கூலியும் கெடையாது. இனி இந்தச் சந்தையில எந்தக் கடையிலயும் உன்ன நிக்க விடமாட்டேன், பாத்துக்க!"

முழு விலையையும் வைத்தான். செருப்பை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தவனின் கால், பழக்கத்தில் கூடாரத்தின் பின்பக்கம் திரும்பியது. "டேய், இந்தப் பக்கம்!" என்று நான் கத்தாவிட்டால் கொண்டுபோய்க் கொடுத்திருப்பான்.

என் கடை வாசலில் அவன் பெண்டாட்டி பெட்டியோடு நின்றாள். என்னிடம் சொல்லிக்கொண்டு போக வந்தவள், எதிரே நடந்ததை எல்லாம் பார்த்துவிட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வேலிக்கு அப்பால் பஸ் வந்து நின்று புகை விட்டது.

"அக்கா, நான் கிளம்பறேன்" என்றாள் என்னைப் பார்த்து.

"போடி, யாரு தடுத்தா? அதுக்கு முன்னாடி காலுக்குச் சரியா இருக்கான்னு பாத்துட்டுப் போ. அந்தாள் வேலையத் தொலைச்சிட்டு வாங்கியிருக்கான்."

அவன் சேற்றிலேயே குந்தி செருப்பைக் கீழே வைத்தான். அவள் என் தோளைப் பிடித்துக்கொண்டு பழையதை உதறிவிட்டுக் கால் நுழைத்தாள். குதிகாலை ஒருமுறை அழுத்தினாள். இன்னொருமுறை அழுத்தினாள். நாலடி நடந்து, திரும்பி வந்து அவன் முன்னால் நின்றாள். சரியாக இருந்தது.

அவன் என்ன செய்தான் தெரியுமா? இத்தனை வருஷப் பழக்கம் போகுமா? போட்டுப் பார்த்தாயிற்று, திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான் என்பதுபோல், குந்தியபடியே செருப்பைக் கழற்றக் கையை நீட்டினான்.

அவள் அந்தக் கைமேல் காலை வைத்து மிதித்தாள். புதுச் செருப்போடு. பஸ் ஹார்ன் அடித்தது, மறுபடியும் அடித்தது, பிறகு கிளம்பிப் போனது. அவள் காலை எடுக்கவில்லை.