சலூன் கண்ணாடியில் இந்தியச் செய்தி

முதலில் ஒரு மன்னிப்பு. என் எழுத்து கோட்டின்மேல் நிற்காது. ஒரு வரி மேட்டுக்கு ஏறும், அடுத்தது பள்ளத்தில் இறங்கும். ல, ள, ழ மூன்றும் எனக்குக் குழப்பம். தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நம் சலூன்காரர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் பல தடவை வந்து கேட்டார். வாயால் சொல்லவும் எனக்கு வராது, நாலு பேர் முன்னால் பேசிப் பழக்கமில்லை. அதனால் எழுதுகிறேன். எழுத்துப் பிழையை அச்சகத்தில் திருத்தட்டும். விஷயத்தைத் திருத்த வேண்டாம்.

தொழில் நுணுக்கம் எழுதச் சொன்னார்கள். மிஷின் பிடிப்பது, பின்கழுத்தில் கோடு போடுவது எல்லாம் இப்போது தொழில் பழகுகிற பிள்ளைகள் போனில் பார்த்தே கற்றுக்கொள்கிறார்கள். சலூனில் ஓடுகிற தொலைக்காட்சியைப் பற்றி யாரும் சொல்லித் தருவதில்லை. அதைப் பற்றி எழுதுகிறேன்.

1. டிஷ் வந்தது

கண்டி மார்க்கட்டுக்குக் கீழ்ப்பக்கம் என் சலூன். முடி வெட்ட இரண்டு கதிரை, காத்திருப்பவர்கள் உட்கார ஒரு நீள வாங்கு. ரேடியோவை வைத்துக் காலம் போய்க்கொண்டிருந்தது. பக்கத்துத் தெருவில் புதிய சலூன் ஒன்று டிஷ் பூட்டி இந்திய சேனல் போட்டதும் என் வாங்கு காலியானது. நானும் பூட்டினேன்.

தொலைக்காட்சியை வாசலுக்கு மேலே மாட்டினோம். வேறு சுவர் இல்லை. வாங்கில் இருப்பவர்கள் தலையைத் திருப்பினால் நேராகப் பார்க்கலாம். கதிரையில் இருப்பவரும் அவருக்குப் பின்னால் நிற்கிற நானும் கண்ணாடியில்தான் பார்க்க வேண்டும். படம் சரியாகத் தெரியும், எழுத்து இடம் வலமாக மாறித் தெரியும். அடியில் ஓடும் செய்தியைக் கதிரையில் இருப்பவர்கள் என்னிடம் கேட்பார்கள். கேட்டுக் கேட்டு எனக்கு அந்த எழுத்துப் பழகிவிட்டது. நேராக எழுதியதைவிட அதை வேகமாக வாசிப்பேன்.

இந்தியச் செய்தியை இத்தனை வருடம் பார்த்ததில் எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு. சலூனில் சொன்னதில்லை. சவரம் செய்கிறவன் கட்சி பேசினால் கதிரையில் இருப்பவருக்குக் கழுத்து கூசும்.

நல்லதை முதலில் சொல்கிறேன். அங்கே மைக்கை மந்திரியின் மூக்குக்கு நேரே நீட்டிக் கேள்வி கேட்கிறார்கள். இங்கே அப்படிக் கேட்கிற ஆட்கள் குறைவு. மழை, வெள்ளம், கோர்ட்டுத் தீர்ப்பு எல்லாம் உடனே வந்துவிடும். கெட்டது என்னவென்றால், எல்லாவற்றையும் ஒரே சத்தத்தில் சொல்கிறார்கள். ஒருமுறை ஆழ்துளைக் கிணற்றில் குழந்தை விழுந்த செய்தி ஓடியது. என் கத்தரிக்கோல் நின்றுவிட்டது, யாரும் அவசரப்படுத்தவில்லை. பாதி வெட்டிய தலையோடு ஒருவர் கதிரையிலேயே அழுதார். அது முடிந்து சில நாளில் ஒரு நடிகர் வீட்டுக் கல்யாணம். அதே சிவப்பு எழுத்து, அதே இசை, அதே தொண்டை. அன்றைக்கு எனக்கு அந்தச் சத்தத்தின் மேல் இருந்த மரியாதை போய்விட்டது.

அங்கே தேர்தல் என்றால் இங்கே சலூன் நிறையும். அம்பிட்டியவிலிருந்து கணேசன் என்று த்ரீவீல், அதாவது ஆட்டோ, ஓட்டுகிற ஒரு பையன் வருவான். பையன் என்றாலும் முப்பது தாண்டியவன்தான். தமிழ்நாட்டில் எந்தத் தொகுதியில் யார் என்று ஒப்புவிப்பான். நம்ம ஊர் மாகாண சபைக்கு யார் போனது என்று கேட்டால் தலையைச் சொறிவான். சிரிக்க எனக்கு உரிமை இல்லை. குடியுரிமை பறிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளி என் அப்பா, அவருக்கு இந்த நாட்டிலும் ஓட்டு இருக்கவில்லை, அந்த நாட்டிலும் இருக்கவில்லை. ஆனாலும் தமிழ்நாட்டு முடிவு வருகிற அன்று வேலைக்குப் போகாமல் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருப்பார்.

அந்தச் சேனல்களில் எங்கள் நாடு வருவது மீனவர் படகைப் பிடித்தால், அல்லது அங்கே தேர்தல் நெருங்கினால். செய்தி இலங்கையின் வடக்கைப் பற்றியதாக இருக்கும். பின்னால் காட்டுகிற படம் மட்டும் மலைநாட்டில் தேயிலைக் கொழுந்து பறிக்கிற எங்கள் பெண்கள்.

2. முடியை வைத்து ஆளைக் காட்டுவது

படங்களைப் பற்றி என் தொழில் தெரிந்தவர்களுக்குத்தான் விளங்கும் ஒரு விஷயம். தமிழ்ப் படத்தில் ஆளை முடியால்தான் காட்டுகிறார்கள். நல்ல போலீஸ் என்றால் ஒட்ட வெட்டிய தலை. ரவுடி என்றால் தோள்வரை சுருட்டை. காதலில் தோற்றவனுக்கு ஒரே பாட்டில் தாடி வளரும், அவள் திரும்பி வந்தால் அடுத்த பாட்டில் சவரம். நம் தொழில் செய்கிறவன் வந்தால் கோமாளி, பாதி மீசையை வழித்துவிட்டு ஓடுவான். நான் இத்தனை வருடத்தில் யாருடைய மீசையையும் பாதியில் விட்டதில்லை.

இலங்கைத் தமிழரைக் காட்டுகிற படமும் வரும். பேராதனையிலிருந்து வருகிற யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் அந்த வசனத்தைக் கேட்டுவிட்டு, “இது எந்த ஊர்த் தமிழ் எண்டு எனக்கு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லும்” என்றார். கணேசன் அது யாழ்ப்பாணம் என்றான். மாஸ்டர் பத்திரிகையை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. இன்னொரு தாடி இருக்கிறது. மீசையை ஒட்ட வழித்து, கீழே நீளமாக விட்டது. அந்தத் தாடி திரையில் வந்தால் கையில் குண்டு இருக்கும். அதை நானும் பல காலம் யோசிக்காமல்தான் பார்த்தேன்.

3. சாலிஹ் நானா

சாலிஹ் நானா, முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்போம், கண்டிக்குக் கிட்டே தெல்தெனியவில் வாசனைச் சரக்குக் கடை வைத்திருந்தவர். அங்கே முஸ்லிம்களுக்கு எதிரான ஒரு கலவரத்தில் கடை எரிந்த பிறகு கண்டிக்கு வந்து சிறிதாகத் தொடங்கினார். அதைப் பற்றி நான் அவரிடம் அனுதாபமாக எதுவும் கேட்டதில்லை, அவரும் பேசியதில்லை. ஹஜ்ஜுக்குப் போய் வந்த பிறகு வைத்த தாடி. அதன் ஓரத்தை அன்றுமுதல் நான்தான் திருத்துகிறேன். மீசையைக் கத்தரிப்பேன், கன்னத்தில் கோடு போடுவேன், நீளத்தில் கை வைக்கமாட்டேன்.

ஒருநாள் காலையில் வந்தார். அந்த வாரம் மனைவியைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போகிறார், கண் ஆபரேஷன். பேராதனை ஆஸ்பத்திரியில் பார்த்த டொக்டரே அங்கே ஒரு இடத்தைச் சொல்லி அனுப்பியிருந்தார். பிள்ளைகள் வெளிநாட்டில் என்பதால் இவர் ஒருவர்தான் துணை. இந்தியாவுக்கு அவர் போனதே இல்லை. நானும் போனதில்லை. ஆனால் இருவரும் இந்தியாவைத் தினமும் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நான் துணியைக் கட்டி, கன்னத்திலும் கழுத்திலும் நுரை போட்டு, ஒரு கன்னத்தைத் திருத்தினேன். தொலைக்காட்சியில் விவாதம். ஏதோ ஒரு புதுப்படம். அதைத் தடை செய்ய வேண்டுமா, வேண்டாமா என்று நாலு கட்டத்துக்குள் நாலு பேர். ஒருவர் உள்ளதைத்தானே காட்டியிருக்கிறார்கள் என்றார். இன்னொருவர் அவமானம் என்றார். நடத்துகிறவர் இருவரையும் பேசவிடாமல் படத்தின் துண்டு ஒன்றைத் திரும்பத் திரும்பப் போட்டார். ஹீரோ சுடுகிறார், தாடி வைத்த ஒருவன் விழுகிறான். மறுபடி சுடுகிறார், மறுபடி விழுகிறான்.

கண்ணாடியில் மேலே அவன் விழுந்துகொண்டிருந்தான். கீழே நுரையோடு நானாவின் முகம். இரண்டையும் நான் ஒரே கண்ணாடியில் பார்த்தேன். அவரும் அதைத்தான் பார்க்க வேண்டும், கழுத்தில் ரேசர் இருக்கும்போது தலையைத் திருப்ப முடியாது.

வாங்கில் கணேசன். அவனுக்கு வாய் சும்மா இருக்காது, மனதில் ஒன்றும் இல்லாதவன்.

“நானா, இந்தத் தாடியோட மெட்ராஸ்ல எறங்குனா, ஹீரோ ஏர்போட்டுலயே நிப்பாரு.”

வாங்கு முழுக்கச் சிரித்தது. நானாவும் சிரித்தார். நுரை ஆடியதால் நான் ரேசரை எடுத்தேன். சிரிப்பு அடங்கியதும் அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து, சாதாரணமாகத்தான் சொன்னார்.

“தம்பி, தாடிய எடுத்துடுங்க.”

ஓரத்தைத்தானே என்றேன்.

“இல்ல, முழுசா. பொஞ்சாதிக்குக் கண் தெரியாது. என்னைய எங்கயாச்சும் நிப்பாட்டி வெச்சாங்கண்டா அவ தனியா என்ன செய்வா?”

தொலைக்காட்சியில் ஹீரோ மறுபடி சுட்டார்.

நம் தொழிலில் கதிரையில் இருப்பவர் சொல்வதுதான் சட்டம். எடு என்றால் எடுக்க வேண்டும், ஏன் என்று கேட்கக் கூடாது. என் முதலாளி எனக்குச் சொல்லித் தந்தது அதுதான், நானும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ரேசரைத் தாடிக்குக் கொண்டுபோனேன். கை இறங்கவில்லை. ரேசரைத் தட்டில் வைத்துவிட்டு ரிமோட்டை எடுத்துத் தொலைக்காட்சியை நிறுத்தினேன்.

“ஏண்ணே, இப்பத்தானே சூடு புடிக்குது” என்றான் கணேசன். அவனுக்கு அதற்குள் குரல் இறங்கிவிட்டது.

நான் சலூனில் சத்தமாகப் பேசியது அன்றைக்குத்தான். “ஒனக்குப் புடிக்கலன்னா எந்திரிச்சு வெளிய போயிரலாம் கணேசன். அவரு கழுத்துல துணி கட்டியிருக்கு.”

நானாவின் முகத்தைத் துடைத்தேன். துணியை அவிழ்த்து உதறினேன். பிறகு சொன்னேன்.

“எடுக்கமாட்டேன்னு சொல்லல நானா. துணியக் கட்டிக்கிட்டு இதப் பாத்துக்கிட்டே சொல்றீங்க. வெளிய போயி ஒரு டீ குடிங்க. வந்து சொல்லுங்க, எடுத்துர்றேன்.”

அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, ஒரு கன்னம் திருத்தியும் ஒரு கன்னம் திருத்தாமலும் போனார். கணேசன் பின்னாலேயே ஓடினான். திரும்பி வந்தவன், நானா டீக்கடைப் பக்கமே போகவில்லை, பஸ் ஏறிவிட்டார் என்றான்.

4. பதில் தெரியாத நாட்கள்

அன்று அவர் வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. வேறு சலூனில் எடுத்திருப்பார் என்றுதான் நினைத்தேன். கண்டியில் சலூனுக்குப் பஞ்சமில்லை, எடுக்கச் சொன்னால் எல்லோரும் எடுப்பார்கள். ஒரு வாடிக்கையாளரை இழந்தேன் என்பது பெரிய விஷயம் இல்லை. தாடியை எடுக்காமல் போய் அங்கே அவரை நிறுத்தி வைத்திருந்தால், அந்த அம்மா கண் தெரியாமல் எந்த வாசலில் நிற்கிறாரோ என்று கவலையாக இருந்தது. நான் பேசாமல் எடுத்துவிட்டிருந்தால் அந்தப் பயமாவது அவருக்கு இருந்திருக்காது.

கணேசன் த்ரீவீலில் சவாரி போகும்போதெல்லாம் நானாவின் கடை வழியாகப் போனான். பூட்டித்தான் இருக்கிறது என்று வந்து சொல்வான். நான் கேட்பதில்லை, அவனாகச் சொல்வான். சென்னைச் செய்தி போட்டுப் பார்த்தோம். அதில் ஒரு நடிகையின் விவாகரத்து ஓடியது. ஒரு கண்ணாஸ்பத்திரியில் யாருக்கு நல்லபடியாக நடந்தது என்று எந்தச் சேனலும் சொல்லாது. சொல்லவும் அவசியம் இல்லைதான்.

5. நானா சொன்னது

அடுத்த மாதம் ஒரு மத்தியானம் சாலிஹ் நானா வாசலில் நின்றார். தாடி இருந்தது. முன்னைவிட நீளமாக, ஓரம் கலைந்து இருந்தது. கணேசன் எழுந்து நின்றுவிட்டான்.

“ஒங்கட ஹீரோ ஏர்போட்டுக்கு வரல்ல கணேசன். லீவு போல” என்றார் நானா.

கதிரையில் இருந்தார். நான் துணியைக் கட்டினேன். தொலைக்காட்சி அப்போது ஓடவில்லை. அவராகவே சொல்லத் தொடங்கினார். மனைவிக்கு ஒரு கண் நன்றாகத் தெரிகிறது, மற்றதற்கு ஆறு மாதம் கழித்துப் போக வேண்டும். விமான நிலையத்தில் இவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்டார்கள், ஆஸ்பத்திரிக் காகிதத்தைக் காட்டியதும் விட்டுவிட்டார்கள். இரண்டு லொட்ஜில் அறை இல்லை என்றார்கள். மூன்றாவதில் கொடுத்தார்கள், அங்கே மேசையில் இருந்தவர் நெற்றியில் திருநீறு வைத்த மனிதர், தொழுவதற்கு எந்தத் திசை என்று அவரே வந்து காட்டினார்.

தாடியைப் பார்த்துத்தான் அந்த இரண்டு பேரும் அறை இல்லை என்றார்களா என்று கணேசன் கேட்டான்.

“தெரியாது. எனக்குப் பொறகு வந்தவருக்கும் இல்லண்டுதான் செல்லினாங்க. அவருக்குத் தாடி இல்ல.”

பிறகு சொன்னதுதான் விஷயம். ஓரம் திருத்த ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு சலூனுக்குப் போயிருக்கிறார். அங்கேயும் தொலைக்காட்சி, அங்கேயும் நாலு கட்டத்துக்குள் நாலு பேர். வாங்கில் இருந்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்களாம். சவரம் செய்கிறவர் எந்த ஊர் என்று கேட்க, இவர் கண்டி என்றிருக்கிறார். அந்த ஆள் ரேசரை நிறுத்திவிட்டார்.

“கண்டியா, அங்க ஒங்க ஆளுங்களோட கடைய எல்லாம் எரிச்சாங்களே, டிவில பாத்தேனே. அந்த ஊர்ல இந்தத் தாடியோட எப்படிங்க நடமாடுறீங்கண்டு கேட்டார் தம்பி. என்ட தோளப் புடிச்சி, ஜாக்கிரதையா போங்கண்டார்.”

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்றேன்.

“என்னத்தச் செல்ல. பொய்யுமில்ல. ஆனா நான் ஒங்கட கதிரையில இத்தன வருஷமா கழுத்த நீட்டிட்டுத்தானே ஈக்கிறேன். அதையும் அவருக்குச் செல்லோணுமில்லியா. செல்லினேன். அவர் நம்பின மாதிரி தெரியல்ல.”

நான் கன்னத்தில் கோடு போட்டேன்.

6. பிள்ளைகளுக்கு

இந்தியச் செய்தி பொய் என்று நான் சொல்லவரவில்லை. நம் நாட்டுச் செய்தி மட்டும் யோக்கியம் என்றும் சொல்லமாட்டேன். எரிகிற ஒரு தெருவைக் காட்டுகிறார்கள், அது உண்மை. அதற்குப் பக்கத்துத் தெருவில் ஒருவர் தாடியை ஓரம் வெட்டிக்கொண்டு காசு கொடுத்துவிட்டுப் போகிறார், அதைக் காட்ட மாட்டார்கள். பார்க்கிறவன் அந்த ஒரு தெருவைத்தான் ஊர் என்று எடுத்துக்கொள்கிறான். இங்கே நாங்களும் அப்படித்தான் எடுத்தோம், அங்கே அந்தச் சலூன்காரரும் அப்படித்தான் எடுத்தார்.

படத்தைத் தடை செய்வதா வேண்டாமா என்பது எனக்குத் தெரியாது. படித்தவர்கள் முடிவு செய்யட்டும். என் கையில் இருப்பது ரிமோட் மட்டும்.

சலூனில் தொலைக்காட்சி வையுங்கள், வேண்டாம் என்று சொன்னால் வாங்கு காலியாகும். பாட்டு, கிரிக்கட், செய்தி எதுவும் ஓடட்டும். ஒருவருக்குத் துணி கட்டியதும் முதல் வேலையாக அவரைக் கேளுங்கள்: இது ஓடட்டுமா, நிறுத்தவா என்று. வாங்கில் இருப்பவருக்கு வாசல் இருக்கிறது. கதிரையில் இருப்பவர் நீங்கள் அவிழ்த்தால்தான் எழும்பலாம். பலர் ஓடட்டும் என்றுதான் சொல்வார்கள். ஆனாலும் கேளுங்கள்.

எழுதி முடித்தது, தைப்பொங்கலுக்கு மறுநாள், கடை பூட்டியிருந்த வெள்ளிக்கிழமை.