கொட்டகையில் இறங்கிய ஆத்தா

கொருக்குப்பேட்டை ரயில் பாதையோரம் கருவாடு விற்ற பட்டம்மாளுக்கு வாரத்தில் ஆறு நாள் யாரும் வழிவிட மாட்டார்கள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மட்டும் கதை வேறு. எல்லையம்மன் கோயில் வாசலில் உடுக்கை ஒலித்ததும் அவள்மேல் ஆத்தா இறங்குவாள். எரியும் கற்பூரத்தை அவள் கையில் வாங்க, கூட்ஸ் யார்டு ஆட்களும் அவர்கள் பெண்டாட்டிகளும் கைகட்டி நிற்பார்கள்.

"இன்னாடா வோணும் உனுக்கு? வாயத் தொறந்து கேளு" என்பாள். பிள்ளை பிறக்குமா, வேலை நிரந்தரமாகுமா, காணாமல் போன ஆடு கிடைக்குமா என்று கேட்பார்கள். பத்தொன்பது வயதில், புருஷன் செத்த நாற்பதாம் நாள் தொடங்கியது அது. இருபத்திரண்டு வருஷமாக அந்த ஒரு பொழுதுதான் அவளுக்கென்று இருந்தது.

ஐம்பத்திரண்டாம் வருஷம் தண்டையார்பேட்டைக் கொட்டகைக்கு ஓர் அம்மன் படம் வந்தது. சேதி கொண்டுவந்தவள் பக்கத்து வீட்டு அடைக்கலமேரி. மாதா கோயிலுக்குத் தவறாமல் போகிறவள்தான். ஆனால் சாமி படம் என்றால் யார் சாமி என்று பார்க்க மாட்டாள்.

"பட்டக்கா, சூலத்தோட அந்தம்மா வானத்துலேர்ந்து எறங்கி வரச்சே, பொம்பளைங்க பக்கம் ஒருத்தி தலைய விரிச்சிகினு ஆடுறா. யாருன்றே? சாக்கு தைக்கிற மலர்க்கொடி!"

"மாமியாக்காரி கையால தெனம் ஒத வாங்குவாளே, அவளா?"

"அவளேதான். இப்ப அந்தக் கெய்வியே அவ கால்ல வுழுறா. கொட்டாய்காரரு அவகிட்ட டிக்கெட்டே கேக்கறதில்ல. படத்த நிறுத்திட்டுத் தேங்கா ஒடைக்கிறாங்கக்கா!"

"காத்து இல்லாத கொட்டாயில மயக்கம் வந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு, பட்டம்மாள் நெத்திலிக் கருவாட்டைப் புடைக்க ஆரம்பித்தாள். முறத்திலிருந்து பாதி கீழே கொட்டியது.

அடுத்த செவ்வாய் கோயில் வாசலில் பாதிக் கூட்டம்கூட இல்லை. அதற்கடுத்த வாரம் உடுக்கைக்காரனே தாமதமாக வந்தான்; அவனும் படம் பார்த்துவிட்டு வந்திருந்தான். அன்றைக்கு ஒருத்தி, ஆத்தா இறங்கி நின்ற பட்டம்மாளைப் பார்த்து, "நேத்து கொட்டாயில மலருமேல வந்து ஆடு வடக்கால கீதுன்னியே தாயி, இன்னிக்கி தெக்காலன்றியே?" என்று கேட்டாள். சாமி இறங்கிய உடம்புக்குள் பொறாமை புகுந்தது அதுதான் முதல் தடவை.

ஞாயிற்றுக்கிழமை மேட்னிக்கு அவளே கிளம்பினாள். முந்தானையில் கற்பூரக் கட்டியும் தீப்பெட்டியும் முடிந்திருந்தாள்.

தரை டிக்கெட்டில் உட்கார்ந்து திரையைப் பார்த்தாள். அந்த அம்மனின் முகத்தில் ஒரு வடு இல்லை. நகை மின்னியது. பேசிய தமிழ் கோயில் மணி மாதிரி கணீரென்று இருந்தது. சுற்றி இருந்தவர்கள் வாய் பிளந்து சிரித்த முகத்தோடு கும்பிட்டார்கள். தன்னைப் பயந்து கும்பிட்டவர்கள் உண்டு. இப்படி ஆசையோடு ஒருவரும் பார்த்ததில்லை என்று பட்டம்மாளுக்குத் தோன்றியது.

சூலம் ஏந்தி அம்மன் இறங்கும் கட்டம் வந்தது. மலர்க்கொடி எழுந்து ஆடினாள். பட்டம்மாள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கற்பூரத்தைக் கொளுத்தி நீட்டினாள்.

"நீ மெய்யாலுமே ஆத்தான்னா இத கைல வாங்குடி!"

படம் நின்றது. விளக்கு எரிந்தது. மலர்க்கொடியின் கண்ணில் ஒரு கணம் சாமி இல்லை. பயந்துபோன பெண் ஒருத்தி இருந்தாள். அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் மாமியார் கைகூப்பி நின்றிருந்தாள். மலர்க்கொடி உள்ளங்கையை நீட்டினாள்.

கற்பூரம் எரிந்து அடங்கும்வரை அவள் கையை மடக்கவில்லை. "மகமாயி! தாயே!" என்று கொட்டகை அதிர்ந்தது.

அவளை அம்பலப்படுத்தப் போன பட்டம்மாள் அவளுக்குச் சாட்சியாகிப்போனாள். "பட்டம்மாளே கற்பூரம் குடுத்து ஒத்துகினா" என்று கொருக்குப்பேட்டை முழுக்கப் பேச்சு. அடுத்த செவ்வாய் கோயிலுக்கு நாலே பேர்தான் வந்தார்கள்.

மறுநாள் பட்டம்மாள் சாக்குக் கிடங்குக்குப் போனாள். மலர்க்கொடி வலது கையில் துணி சுற்றிக்கொண்டு, இடது கையால் கோணி ஊசியோடு போராடிக்கொண்டிருந்தாள்.

"உனுக்கு சுடாதாக்கா?" என்று அவள்தான் முதலில் கேட்டாள்.

நாலு வார்த்தை நறுக்கென்று கேட்க வந்திருந்த பட்டம்மாள் அந்தத் துணிக்கட்டைப் பார்த்தாள். "சுடும்" என்றாள். "கை மாத்தி கை மாத்தி உருட்டணும். சும்மா வச்சிகினு நின்னா வெந்துதான் போவும்."

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?"

"மனசு வர்ல."

மலர்க்கொடி ஊசியைக் கீழே வைத்தாள். "படம் போயிட்டா நா இன்னாக்கா பண்ணுவேன்?"

பட்டம்மாள் திரும்பி நடந்துவிட்டாள்.

ஒன்பதாம் வாரம் அம்மன் படத்தைத் தூக்கிவிட்டுக் கத்திச்சண்டைப் படம் போட்டார்கள். மாமியார் பத்து நாள் பொறுத்துப் பார்த்தாள். மருமகள்மேல் எதுவும் இறங்கவில்லை என்று தெரிந்ததும் பழையபடி விறகுக் கட்டையை எடுத்தாள். அதையும் அடைக்கலமேரிதான் வந்து சொன்னாள்.

"செவ்வாக்கெயம அவங்க ரெண்டு பேரையும் வரச் சொல்லு" என்றாள் பட்டம்மாள்.

வந்தார்கள். ஆத்தா இறங்கியதும் நேரே கிழவியின் முன்னால் போய் நின்றாள். "எம் பேர்ல கைல கற்பூரம் வாங்கினவடி அவ. இன்னொரு தபா அவமேல கை வச்சே, அந்தக் கை அழுவிப்பூடும்!"

அதைச் சொன்னது ஆத்தாவா பட்டம்மாளா என்று யாரும் கேட்கவில்லை. கிழவி நடுங்கிப்போனாள். அடி நின்றது.

அதற்குப் பிறகு மலர்க்கொடி ஒரு செவ்வாய்கூடத் தவறவில்லை. வாசல் தெளிப்பாள், வேப்பிலை ஒடித்து வருவாள். பட்டம்மாளும் அவளை வீட்டுக்கு அழைத்துச் சோறு போடுவாள். ஆனால் ஆடி மாதத்தில் ஒரு நாள், உடுக்கைச் சத்தம் ஏறிக்கொண்டிருந்தபோது, மலர்க்கொடியின் தோள் லேசாகக் குலுங்கியது. பட்டம்மாள்மேல் அப்போது இன்னும் சாமி வரவில்லை. சட்டென்று திரும்பி அவள் கையைப் பிடித்தாள்.

"இங்க இன்னா நின்னுகினு கீறே? போயி கூழு ஊத்துற வேலையப் பாரு."